வால் நறுக்கிய இந்துஸ்தானி

என் மூக்கு சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் என் தலைதான் சாய்ந்திருக்கிறதோ என்று நினைத்துத் தங்கள் தலையையும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு பேசுவார்கள். பிறவியிலேயே அப்படியா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அது பொய். இருபத்திரண்டு வயது வரை அது நேரான மூக்குதான். அதைச் சாய்த்தவர்கள் கல்கத்தாவில் இரண்டு போலீஸ் கான்ஸ்டேபிள்கள். அப்படிச் செய்யும்படி அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான்.

டிராமைக் குதிரை இழுத்த காலம் போய் மின்சாரம் இழுக்க ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கும்பகோணத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு கல்கத்தா வந்து, போலீஸ் ஆபீஸ் ஒன்றில் தற்காலிக குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். பவானிபூரில் நம்மவர்கள் நடத்திய மெஸ்ஸில் சாப்பாடு, படுக்கை. கல்யாணம் ஆகியிருந்தது. ஆனால் அலமேலு கும்பகோணத்தில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். மாமனாரின் கடிதங்கள் எல்லாம் ஒரே வாக்கியத்தில்தான் முடியும்: "உத்தியோகம் கன்பர்ம் ஆனதும் தெரியப்படுத்தவும், மறு ரயிலில் குழந்தை அலமேலுவை அழைத்துவந்து விட்டுவிடுகிறேன்." அந்த 'கன்பர்ம்' என்ற சொல்லுக்கும் எனக்கும் நடுவில் ஆயிரம் மைல் ரயில் பாதை இருந்தது. அதன் அந்தக் கோடியில் அலமேலு நின்றாள்.

எனக்கு அப்போது ஒரு வியாதி. விழித்துக்கொண்டே கனவு காண்பது. ஆபீஸ் ஜன்னலில் கங்கையின் கிளையான ஹூக்ளி நதி ஒரு கீற்று தெரியும். அதைப் பார்த்தால் போதும், பேனாவில் மை காய்ந்துவிடும். பனியில் பாய்மரங்கள் காலில்லாமல் மிதந்து போகும். ஹவுராப் பாலம் அந்தக் காலத்தில் மிதவைகளின் மேல் கட்டியது. கப்பல் வந்தால் நடுவில் திறந்து வழிவிடும். நதியின் நடுவில் சாலை இரண்டாகப் பிரிந்து விலகுவதை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் ஹவுரா ஸ்டேஷனில் மதராஸ் ரயில் வந்து நிற்கும், அரக்குப் புடவையில் அலமேலு இறங்குவாள், பாலம் மெல்ல மூடிக்கொள்ளும், அவள் நடந்து வருவாள். (ஹெட் கிளார்க் ஹேம் பாபு மேஜையைத் தட்டும்வரை வந்துகொண்டே இருப்பாள்.)

வேலைக்கு மனுப் போட்டபோது, தெரிந்த பாஷைகள் என்ற இடத்தில் "இந்துஸ்தானி, சரளமாக" என்று எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்குத் தெரிந்த இந்துஸ்தானிச் சொற்கள் நான்கு. ஆனால் என்னிடம் ஒரு முறை இருந்தது. அதை நானே கண்டுபிடித்தேன். தமிழில் ஒரு சொல்லை எடுத்து வாலை நறுக்கிவிட்டால் இந்துஸ்தானி வந்துவிடும். சமயம் என்பதில் வாலை நறுக்கினால் சமய். முகம், முக். தேசம், தேஷ். பாதி இடங்களில் இது பலித்துவிட்டது. மீதிப் பாதியில் எதிராளி என்னை மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். அதனால் அங்கேயும் பலித்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. டிராமில் அடிபட்டவனையும் நதியில் விழுந்தவனையும் முதலில் பார்ப்பது தெருவில் நிற்கும் கான்ஸ்டேபிள்தான், ஆகவே ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்து வைக்கும் வழியை அவனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று. வகுப்பு எடுக்க ஸ்காட்லாந்துக்கார டாக்டர் துரை ஒருவர் வந்தார். அவருக்கு இங்கிலீஷ் தவிர வேறு பாஷை வராது. கான்ஸ்டேபிள்கள் பெரும்பாலும் பீகாரில் ஆரா, சப்ரா பக்கத்து ஆட்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் ஒரு ஆள் தேவைப்பட்டது.

இந்துஸ்தானி தெரிந்த குமாஸ்தாக்களின் பெயர்ப் பட்டியலை டாக்டர் துரை ஹேம் பாபுவிடம் படிக்கச் சொன்னார். வைத்தியநாதன் என்ற இடத்தில் நிறுத்தி, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். வைத்தியர்களுக்கெல்லாம் தலைவன் என்று ஹேம் பாபு சொன்னார். துரை அதோடு பட்டியலை மூடிவிட்டார்.

வங்காளத்தில் நம் 'வ' எல்லாம் 'ப' ஆகிவிடும். எனவே நான் பைத்யநாத் பாபு. கான்ஸ்டேபிள்கள் அதையும் சுருக்கி பைத்நாத் பாபு என்றார்கள். அவர்கள் ஊர்ப்பக்கம் அது பெரிய சுவாமியின் பெயர், பக்தியோடுதான் கூப்பிட்டார்கள். என் தமிழ்க் காதில் அது 'பைத்தியநாதன்' என்று விழுந்தது. பிறகு யோசித்துப் பார்த்ததில் என் காதில் விழுந்ததுதான் சரி.

வகுப்பு ஒரு பழைய குதிரை லாயத்தில் நடந்தது. வைக்கோல் வாசனை போகவில்லை. சிவப்புத் தலைப்பாகைகள் இருபது தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். முன் வரிசையில் ராம்லகன் சிங் என்று ஒருவர், மீசையின் இரண்டு நுனியும் காதைத் தொடும், கை ஒவ்வொன்றும் முறம் அகலம். அவர் தலையாட்டினால் மற்றவர்களும் ஆட்டுவார்கள்.

முதல் நாள் எலும்பு முறிவு. நான் முறைப்படி வாலை நறுக்கி "அஸ்தி பங்" என்றேன். அஸ்தி என்றால் அவர்களுக்குக் கங்கையில் கரைக்கும் சாம்பல். பங் என்றால் அவர்கள் ஹோலிக்கு அரைத்துக் குடிக்கும் கஞ்சா. ராம்லகன் சிங் நீண்ட நேரம் யோசித்தார். "எலும்பு உடைந்தவனுக்கு பங் கொடுத்தால் வலி தெரியாது, பாபு சொல்வது நியாயம்தான்" என்று மற்றவர்களிடம் சொன்னார். (அப்போது எனக்கு இதெல்லாம் புரியவில்லை. பல வருஷம் கழித்து அவரே சொல்லித் தெரிந்துகொண்டது.) துரை லத்தியை எடுத்து உடைந்த காலோடு சேர்த்துக் கட்டிக் காட்டியபோது வகுப்பே கழுத்தை நீட்டிப் பார்த்தது. லத்திக்கும் எலும்புக்கும் இப்படி ஒரு சம்பந்தம் உண்டென்று அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்படியே ஒப்பேற்றிக்கொண்டு வந்து, நீரில் மூழ்கியவனைப் பிழைக்க வைக்கும் பாடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

அன்று துரை என்னைத் தனியாக வெளியே அழைத்துப் போனார். "மூச்சு நின்றவனை மல்லாக்கப் படுக்க வைத்து, கைகள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி இறக்க வேண்டும். அதை இவர்கள் செய்துவிடுவார்கள். ஆனால் அதற்கு முன்னால் நாக்கை வெளியே இழுத்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது உள்ளே மடங்கித் தொண்டையை அடைத்துவிடும். வழுக்கும், அதனால் கைக்குட்டையால் பிடிக்க வேண்டும். போன வகுப்பு இந்த இடத்தில்தான் கலைந்தது. இன்னொருத்தன் எச்சில் கையில் பட்டால் ஜாதி போய்விடும் என்று எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நீயும் அந்த மாதிரி ஆசாரக் குடும்பம்தானே, உனக்குப் புரியும். இவர்களைச் சம்மதிக்க வைத்தால் உன்னைக் கன்பர்ம் செய்யச் சொல்லி நானே எழுதுகிறேன்."

அவர் சுருட்டுப் பற்ற வைத்துக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டார். நான் லாயத்துக்குள் திரும்பினேன். அந்தப் பத்து அடி நடையிலேயே அலமேலு ரயில் ஏறிவிட்டாள்.

நாக்கு. வாலை நறுக்கினேன். நாக்.

"பாயியோ" என்று ஆரம்பித்தேன். சகோதரர்களே, தண்ணீரில் விழுந்தவனைக் கண்டால் முதல் காரியம், அவன் நாக்கைப் பிடித்து முன்பக்கம் இழுக்க வேண்டும். பெரிய ஜாதி சின்ன ஜாதி பார்க்கக் கூடாது. உயிருக்கு முன்னால் எச்சில் ஏது, தீட்டு ஏது. இதெல்லாம் நான் மனத்தில் நினைத்தது. வெளியே வந்ததில் அவர்களுக்குத் தெளிவாகப் புரிந்தது 'நாக்', 'பிடி', 'இழு' மூன்றும்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராம்லகன் சிங் முன்னால் குனிந்து, "ஸிர்ஃப் நாக்?" என்றார். வெறும் நாக்தானா என்று அர்த்தம்.

"ஸிர்ஃப் நாக்" என்றேன்.

"வேறே ஒன்றையும் தொட வேண்டாமே?"

"வேண்டாம். ரூமால் போட்டுப் பிடிக்கணும். வழுக்கும்."

"ஸர்தியா இருந்தா வழுக்கும்தான்" என்று ஒருவன் பின்னாலிருந்து ஒத்துக்கொண்டான். ஸர்தி என்றால் குளிர்காலம் என்று மட்டும் எனக்குத் தெரியும். ஜலதோஷத்துக்கும் அதுதான் பெயர் என்று தெரியாது. குளிர்காலத்தில் நாக்கு வழுக்குமா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஆனால் இருபது பேரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். என் இந்துஸ்தானி வாழ்க்கையில் ஒரு சொல் இவ்வளவு சுலபமாக எதிராளிக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் சந்தேகத்தை விட்டுவிட்டேன்.

துரை திரும்பி வந்து, இருபது பேரும் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் சம்மதித்துவிட்டதைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஒத்திகையில் யாரும் அதைச் செய்து பார்க்க வேண்டாம், சம்மதித்ததே போதும், நிஜ ஆபத்து வந்தால் செய்யட்டும் என்று சொன்னார். அப்படித்தான் அந்தத் தவறு ஒருவர் கண்ணிலும் படாமல் ஒரு மாதம் பத்திரமாக இருந்தது.

போலீஸ் இலாகாவின் பெரிய துரை பயிற்சியைப் பார்வையிட வருவதாக நாள் குறித்தார்கள். ஹவுராப் பாலத்துக்குச் சற்றுக் கீழே ஒரு படித்துறை. மார்கழிக் காலை. நதி மேல் பனி கிடந்தது, நதி எங்கே முடிகிறது, ஆகாயம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. மேல் படியில் நாற்காலிகளில் பெரிய துரையும் நான்கு துரைசானிகளும். ஒல்லியான கான்ஸ்டேபிள் ஒருவன் மூழ்கினவனாக நடிக்கப் படகில் தயாராகப் படுத்திருந்தான். நான் கட்டளைகளை உரக்கப் படிப்பதற்காகக் கீழ்ப்படியில் காகிதத்தோடு நின்றேன்.

அன்று கப்பலுக்காகப் பாலத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்து மாட்டுவண்டிகளின் மணி பனிக்குள்ளிருந்து கேட்டது. சங்கு ஊதிற்று. பிறகு எல்லாம் அடங்கிப் போய், ஹவுராக் கரையிலிருந்து ஒரு படகு சத்தமே இல்லாமல் பனியை விலக்கிக்கொண்டு வந்தது. அதன் முனையில் ஒரு பெண் நின்றாள். அரக்குப் புடவை. தலை சற்றுக் குனிந்திருந்தது. கையில் ஒரு மூட்டை. (அது சணல் மூட்டைகளின் மேல் காயப்போட்ட சிவப்புத் துணி என்று படகுக்காரன் பிற்பாடு சத்தியம் செய்தான். நான் இன்னும் முழுக்க நம்பவில்லை.) எனக்குத் துரைகள் மறந்துபோனார்கள். காகிதம் மறந்துபோயிற்று. இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாமே என்று ஒரு படி இறங்கினேன். அங்கே படி இல்லை.

காவிரிக்கரையில் பிறந்தவன் என்று மெஸ்ஸில் நான் அளந்த அளப்பு கொஞ்சமல்ல. நீச்சல் மட்டும் தெரியாது. உள்ளே தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. வெளியில் இருந்ததைவிட வெதுவெதுப்பாக இருந்தது. மேலே ஒரு வெளிச்சம் ஆடிக்கொண்டே தூரப் போயிற்று. பயம் வரவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். அலமேலு என் எதிரில் அதே அரக்குப் புடவையில் சாவகாசமாக மிதந்துகொண்டு, "ஏன்னா, கன்பர்ம் ஆயிடுத்தா?" என்றாள். "ஆயிண்டே இருக்கு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். கங்கை முழுவதும் உள்ளே வந்தது.

அடுத்தபடி நினைவு வந்தபோது படித்துறையின் கல் முதுகில் உறுத்தியது. யாரோ கை தட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று பெரிய துரை நினைத்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு மீசை. என்னை நதியிலிருந்து தூக்கி வந்த ராம்லகன் சிங், சொட்டச் சொட்ட நனைந்தபடி, மடியிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிழிந்தார். சாஸ்திரோக்தமாக அதை என் மூக்கின் மேல் போட்டார். பிடித்தார். இழுத்தார்.

அந்தக் கணத்தில் எனக்கு இந்துஸ்தானியில் நாக் என்றால் என்ன என்று தெரிந்துபோயிற்று. நாக் என்றால் மூக்கு. இதைவிடத் தெளிவாக யாரும் யாருக்கும் ஒரு பாஷையைக் கற்றுக்கொடுத்ததில்லை.

உயிர் போகிற நேரத்தில் வால் நறுக்கிய பாஷையா வரும்? கும்பகோணம் வந்தது. "மூக்கு இல்லேடா, நாக்கு, நாக்கு" என்று அலறினேன்.

மூக்கு என்பது அவர்கள் காதில் 'முக்' என்று விழுந்தது. முக் என்றால் வாய், முகம். நாக்கு என்பது நாக் என்று விழுந்தது. ஆக நான் சொன்னதன் பொருள், 'வாயை விடு, மூக்கைப் பிடி, மூக்கைப் பிடி'. ராம்லகன் சிங் நெகிழ்ந்துபோனார். "பார், சாகக் கிடக்கிறபோதும் பாபு பாடம் சொல்கிறார்" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்தவனையும் ஒரு கை கொடுக்கச் சொன்னார். இரண்டு பேராக இழுத்தார்கள்.

டாக்டர் துரை மேல் படியிலிருந்து ஓடி வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. "டங், டங்" என்று கத்தினார். இங்கிலீஷில் நாக்குக்கு அதுதானே. அவர் ஊர் உச்சரிப்பில் அது டாங் மாதிரி நீண்டது. இந்துஸ்தானியில் டாங் என்றால் கால்.

கால்மாட்டில் சும்மா நின்றிருந்த மூன்று பேர் அந்த உத்தரவுக்காகவே காத்திருந்தவர்கள் போலப் பாய்ந்து என் காலைப் பிடித்து இழுத்தார்கள். மூக்கு ஹவுராப் பக்கம் போயிற்று. கால் அலிப்பூர்ப் பக்கம் போயிற்று. துரை "டாங்" என்று கத்தக் கத்தக் கால்காரர்கள் வேகம் எடுத்தார்கள். நான் "நாக்கு" என்று கத்தக் கத்த மூக்குக்காரர்கள் வேகம் எடுத்தார்கள். இதையெல்லாம் மொழிபெயர்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நடுவில் இருந்தேன்.

அந்த இழுபறியில்தான் உள்ளே போன கங்கை வெளியே வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். எதிரில் பெரிய துரை. "இவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது யார்?" என்று கேட்டார். ராம்லகன் சிங் ஒரு கையால் சலாம் வைத்து, மூக்கை விடாத மறு கையால் என்னைக் காட்டினார்.

வங்காளிகளுக்கு வெட்கமாகிவிட்டால் நாக்கை வெளியே நீட்டிக் கடித்துக்கொள்வது வழக்கம். கல்கத்தாவில் இருந்த சில மாதத்தில் அது எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. இருபது கான்ஸ்டேபிள், நான்கு துரைசானி, ஒரு பெரிய துரை முன்னால், நான் நாக்கை நீட்டிக் கடித்துக்கொண்டேன்.

"அதுதான்" என்று டாக்டர் துரை என் வாயைக் காட்டினார். "அதைத்தான் இழுக்கணும்."

ராம்லகன் சிங் குனிந்து பார்த்தார். "அட, ஜீப்" என்றார். நாக்குக்கு அவர்கள் பாஷையில் ஜீப். கைக்குட்டையை மெல்ல மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "பாபு, ஜீப் என்று சொல்லியிருந்தால் நாங்கள் அன்றைக்கே எழுந்து போயிருப்போமே" என்றார் வருத்தமாக. படகில் பிணமாகப் படுத்திருந்தவன் அப்போது எழுந்து, தன் முறை எப்போது வரும் என்று கேட்டான்.

கன்பர்ம் ஆகவில்லை. தற்காலிகத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டி, என்னைப் பழைய காகிதக் கட்டுகள் இருக்கும் ஜன்னலில்லாத அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் ஒன்றும் இல்லாத அறை என்பது ஹேம் பாபுவின் சிபாரிசு. மாமனாருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து மூன்று நாள் கிழித்துப் போட்டேன். எழுதியது நான்கு வரி. அதற்கு அலமேலுவின் கையெழுத்தில் ஒரு வரி பதில் வந்தது: "உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், நான் இருக்கிறேன்." அதைப் படித்துவிட்டு அந்த இருட்டறையில் உட்கார்ந்து அழுதேன். சிரிப்புக் கதையில் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. ஆனால் அழுதது நிஜம்.

ஐந்தாவது மாதம் ஒரு பகல் வேளையில் ராம்லகன் சிங் அந்த அறை வாசலில் வந்து நின்றார். உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாபு, ஜீப் பிடித்தேன்" என்றார்.

கார்டன் ரீச் பக்கம் படகு கவிழ்ந்து, மூட்டை தூக்கும் ஆள் ஒருவனைக் கரையில் போட்டிருந்தார்களாம். மூச்சில்லை. ராம்லகன் சிங் அவன் வாயையே பார்த்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு வாய்க்குள் கையை விட்டாராம்.

"அப்புறம் மூணு தடவை கங்கையில் முழுக்குப் போட்டேன். ஊருக்குப் போனால் அடுப்பங்கரையில் விடுவார்களோ இல்லையோ. அவன் எழுந்து உட்கார்ந்து தண்ணி கேட்டான், பாபு." மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "நீங்க அன்னிக்கு என்னமோ சொன்னீங்க, பெரிய ஜாதி சின்ன ஜாதி பார்க்கக் கூடாதுன்னு. அது மட்டும் புரிஞ்சுது."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையை அதற்கு முன்னால் எனக்கு மூக்கின் வழியாகத்தான் தெரியும்.

யார் சொல்லிச் செய்தாய் என்று டாக்டர் துரை விசாரித்தபோது, பைத்நாத் பாபு சொல்லி என்று அவர் சொல்லியிருக்கிறார். துரை வாக்குக் கொடுத்தபடி எழுதினார். உத்தரவு வந்தது. மாமனார் சொன்னபடி மறு ரயிலில் வந்தார். பாலம் மூடியிருந்தது. அலமேலு நடந்து வந்தாள், நிஜமாகவே அரக்குப் புடவையில். என் முகத்தைப் பார்த்ததும், "மூக்கு ஏன்னா இப்படி?" என்றாள். எதையும் மறைக்காமல் சொன்னேன்.

மூன்று வயதில் எங்கள் பெண் கங்காவுக்கு ஒரு தடவை காய்ச்சல். அவள் நாள் முழுவதும், மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளின் இடுப்பில் இருந்து வளர்ந்தவள். தமிழைவிட வங்காளிதான் வாயில் வரும். அலமேலு தேனில் மருந்தைக் குழைத்துக்கொண்டு, "நாக்க நீட்டுடி கண்ணு" என்றாள். குழந்தை நல்ல பிள்ளையாகத் தன் மூக்கைப் பிடித்து முன்பக்கம் இழுத்து நீட்டியது. வங்காளியிலும் நாக் என்றால் மூக்குதான்.

அலமேலு மருந்துக் கிண்ணத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க கான்ஸ்டேபிள் ஒண்ணு ஆத்துக்குள்ளயே வந்துடுத்து" என்றாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் டாக்டர் வந்து நாக்கை நீட்டச் சொன்னால், பேரன் பேத்திகள் வரிசையாக மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். புது டாக்டராக இருந்தால் பாவம், என் மூக்கையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, இது பரம்பரை வியாதியோ என்று யோசிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அலமேலு மட்டும் சிரிப்பதில்லை. சத்தம் அடங்கினதும் கிட்டே வந்து, ஒரு விரலால் என் மூக்கை வலப்பக்கம் மெல்லத் தள்ளிப் பார்ப்பாள். அது பழையபடி இடப்பக்கம் வந்து நிற்கும்.

"இதுக்காக ஆறு மாசம் என்னைக் காக்க வெச்சேளே" என்பாள்.